கூனிமொட்டையின் வெள்ளைச் சிலுவை

1955 ஜனவரி 10, திங்கள்

இன்று டிரில் வகுப்பில் நான் "அட்டென்ஷன்" சொன்னதும், மதிலுக்கு அப்பால் ரோட்டில் போன வண்டி மாடு அப்படியே நின்றுவிட்டது. பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் வரிசை குலைந்தது. தலைமையாசிரியை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "லீலாபாய், இங்கே பரீட்சை நடக்குது" என்றார்.

சத்தம் என் தப்பா? கர்த்தர் கொடுத்த தொண்டை இது. டிரில் டீச்சர் வேலை கிடைத்ததே இந்தத் தொண்டையால்தான். கல்யாணம் கிடைக்காததும் இதனால்தான்.

வீட்டுக்கு வந்தால் அம்மை காத்திருந்தாள். கம்பவுண்டர் செல்வதாஸின் மாமா மறுபடி வந்து பதில் கேட்டாராம்.

"ஏட்டி, வயசு இருபத்தேழு ஆச்சு. புதுக்கடை ஊருல இருந்து பெண் பாக்க வந்தவன் பெண்ணுக்கு சத்தம் கூடுதலுன்னு சொல்லிட்டுப் போனான். இவனாவது கேக்குகான். காது கேக்காத்தவன் ஒருத்தன் வரட்டும்னு இருக்கியா?"

கம்பவுண்டருக்குக் காது நன்றாகவே கேட்கும். போன மாதம் பள்ளிக்கூடத்துக்கு டிங்சர் வாங்க அவர் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் பேசி முடிக்கும்வரை அவர் அலமாரியிலிருந்த கண்ணாடிக் குப்பிகளைக் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். மெலிந்த மனிதர். அழகான கையெழுத்து. வேறென்ன? ஒன்றுமில்லை. வேண்டாம் என்று சொல்லவும் காரணமில்லை, வேண்டும் என்று சொல்லவும் இல்லை.

சாயங்காலம் மைதானத்தில் தனியாக நின்று கூனிமொட்டையைப் பார்த்தேன். கீழே காடு, நடுவில் புல், மேலே கூன் விழுந்த முதுகு போல மொட்டைப் பாறை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பார்க்கிறேன். ஒரு தடவை ஏறிப் பார்க்கவேண்டும் என்று மற்ற டீச்சர்களிடம் சொன்னால், "அங்க என்ன இருக்கு?" என்கிறார்கள். என்ன இருக்கிறது என்று தெரிந்தால் நான் ஏன் போகவேண்டும்?

1955 ஜனவரி 16, ஞாயிறு



வாலிபர் சங்கக் கூட்டத்தில் இன்று "தைரியம்" என்ற பொருளில் பேசவேண்டியவர் வரவில்லை. காய்ச்சலாம். போதகர் கண்ணில் கம்பவுண்டர் பட்டார், அவரைப் பிடித்து மேடையில் நிறுத்திவிட்டார். கம்பவுண்டர் கொஞ்ச நேரம் தாவீது ராஜாவைப் பற்றிப் பேசினார். அது தீர்ந்துபோயிற்று. தண்ணீர் குடித்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நான் போன வருஷம் கூனிமொட்டையில் தனியாக ஏறினேன்."

சபை நிமிர்ந்தது.

உச்சிக்குச் சற்றுக் கீழே, காலை வெயில் படும்போது, பாறையில் வெள்ளையாக ஒன்று தெரியும். ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம், அது என்னவென்று யாரும் யோசித்ததில்லை. "அது நான் சுண்ணாம்பால் வரைந்த சிலுவை" என்றார்.

பக்கத்து வீட்டு ரத்தினம் மாமி அழுதேவிட்டாள். போதகர் மேடையேறி அவரைக் கட்டிப்பிடித்தார். கம்பவுண்டர் முகம் மட்டும் ஏனோ பேயறைந்த மாதிரி இருந்தது. அடக்கமாக இருக்கும்.

தனியாகப் போயிருக்கிறார். தனியாக! யாரிடமும் சொல்லாமல்! இந்த ஊரில் அந்த மலையைப் பார்த்து ஆசைப்பட்டவள் நான் ஒருத்திதான் என்றல்லவா இருந்தேன்?

1955 ஜனவரி 17, திங்கள்

சம்மதம் என்று சொல்லிவிட்டேன். அம்மை அடுப்பிலிருந்த பாலைப் பொங்கி வழிய விட்டாள்.

1955 ஜனவரி 23, ஞாயிறு

சபையில் சிலுவை தவிர வேறு பேச்சில்லை. ரத்தினம் மாமி தினமும் விடியற்காலையில் மலையைப் பார்த்து ஜெபம் பண்ணுகிறாளாம், முட்டுவலி பாதி குறைந்துவிட்டதாம். பெரிய வெள்ளியன்று எல்லோருமாகப் பவனியாக மேலே போகலாம், கம்பவுண்டர் வழிகாட்டுவார் என்று போதகர் பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார்.

கம்பவுண்டருக்கு இருமல் வந்து வெளியே போனார். ஆராதனை முடியும்வரை இருமினார்.

1955 ஜனவரி 29, சனி

கம்பவுண்டர் வீட்டார் வந்திருந்தார்கள். அம்மை முந்திரிக்கொத்து செய்திருந்தாள். பெரியவர்கள் தேதி பேசிக்கொண்டிருந்தபோது, நான் அவரிடம் முடிந்த அளவு மெதுவாகக் கேட்டேன்:

"எந்தப் பக்கமா ஏறினீங்க?"

"மேல் பக்கமா."

"புல்லு உயரமா இருந்துதா?"

"புல்லு... புல்லு அளவுக்கு இருந்துது."

"உச்சியில நின்னா என்னெல்லாம் தெரியும்?"

"எல்லாம் தெரியும், டீச்சர்."

கையிலிருந்த முந்திரிக்கொத்தை அவர் கடைசிவரை கடிக்கவில்லை. வியர்வையில் அது நனைந்தது.

போய்வந்தவர் இப்படியா பேசுவார்? நானாக இருந்தால் வந்தவர்களைச் சாப்பிட விட்டிருக்கமாட்டேன். கல்லைச் சொல்லியிருப்பேன், காற்றைச் சொல்லியிருப்பேன், போதும் என்று அழவைத்திருப்பேன்.

1955 பிப்ரவரி 6, ஞாயிறு

காலம் தவறி ஒரு மழை. விட்டதும் மைதானத்துக்குப் போய்ப் பார்த்தேன். வெள்ளை அப்படியே இருக்கிறது. அப்படியே கூட இல்லை, முன்னைவிடப் பெரிதாக இருக்கிறது.

சுண்ணாம்பு வளருமா?

ரத்தினம் மாமியிடம் சொன்னேன். "அற்புதம்டீ" என்றாள்.

1955 பிப்ரவரி 11, வெள்ளி

வரும் ஞாயிறு ஆராதனையில் எங்கள் கல்யாண ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை இருந்தால் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு கேட்பது வழக்கம். அதற்குமுன் எனக்குத் தெரிந்தாகவேண்டும்.

பொய்யென்றால் அவர் வேண்டாம். மெய்யென்றால் அவர் பார்த்ததை நானும் பார்க்கவேண்டும். எப்படியானாலும் நாளைக்குக் கூனிமொட்டைக்குப் போகிறேன். வீட்டில் கேட்டால் கீரிப்பாறைப் பக்கம் சிநேகிதி வீடு.

அண்ணன் ஜான்ரோஸ் மணவாளக்குறிச்சி மணல் கம்பெனி வேலைக்குப் போனபோது விட்டுப்போன காக்கிக் கால்சட்டை பரணில் கிடக்கிறது. போட்டுப் பார்த்தேன். இடுப்பில் ஒரு கயிறு கட்டினால் நிற்கும்.

1955 பிப்ரவரி 12, சனி

வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஒழுங்காக எழுதவேண்டும், ஒன்றும் விட்டுப்போகக்கூடாது.

முதல் பஸ்ஸில் போய் மலையடிவாரத்தில் இறங்கினேன். சேலைக்குள்ளே அண்ணனின் கால்சட்டை. ரோட்டோரம் வைகுண்டராஜன் என்பவரின் டீக்கடை. நெற்றியில் வெள்ளை நாமம், தலையில் துண்டு. அந்த மலைக்கு வழி கேட்டேன்.

"மேல என்ன இருக்கு?"

"பாக்கத்தான் போறேன்."

"நான் பொறந்தது இந்த அடிவாரத்துல. ஒரு நாளும் ஏறினதில்ல. மேல ஒண்ணும் இல்ல."

"ஏறாம எப்படித் தெரியும்?"

"ஏதாவது இருந்தா இதுக்குள்ள கீழ வந்து டீ குடிச்சிருக்கும்லா."

டீயைக் குடித்துவிட்டு நடந்தேன். ரப்பர் மரங்களைத் தாண்டி, யாரும் பார்க்கவில்லை என்று உறுதியானதும் சேலையை அவிழ்த்து மடித்துப் பைக்குள் வைத்தேன். கால்சட்டையும் அண்ணனின் சட்டையுமாக நாலு எட்டு வைத்தேன். அடடா! ஆண்பிள்ளைகள் இத்தனை நாளும் நம்மிடம் மறைத்து வைத்திருந்த சுகம் இதுதானா!

காட்டுக்குள் மாட்டுத்தடம் ஒன்று போயிற்று. ஓடையில் பாறைக் குழிகளில் மட்டும் தண்ணீர். ஓரிடத்தில் யானைப் பிண்டம் கிடந்தது. காய்ந்ததுதான். இருந்தாலும் குனிந்து தொட்டுப் பார்த்தேன். யானை எதிரே வந்தால் "அபௌட் டர்ன்" சொல்லலாம் என்று தீர்மானித்தேன். வண்டி மாடு கேட்டதே.

பிறகு புல். கீழேயிருந்து பார்த்தால் பச்சைத் துணி விரித்த மாதிரி இருக்குமே, அது என் தலைக்கு மேல் நின்றது. எலுமிச்சை வாசம். விலக்கின கையெல்லாம் கீறல். வானம் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஏறுகிறேன் என்பது மூச்சு வாங்குவதால் மட்டும் தெரிந்தது. இடையில் நெல்லி மரங்கள். கை நிறையப் பறித்துக் கால்சட்டைப் பைகளில் திணித்துக்கொண்டேன்.

புல் முடிந்த இடத்தில் பாறை தொடங்கியது. மைதானத்திலிருந்து பார்க்கும்போது நடந்தே போகலாம் போலத் தெரியும் சரிவு, கிட்டத்தில் சுவராக நின்றது. ஒரு வெடிப்பு மேலே போயிற்று. அதில் கையைச் செருகி, முட்டியை ஊன்றி, வயிற்றைத் தேய்த்து ஏறினேன். பாதியில் ஒரு இடம் — வலது காலுக்குப் பிடி இல்லை. கீழே பார்த்துவிட்டேன். பார்த்திருக்கக்கூடாது. தொடை தையல் மிஷின் மாதிரி அடிக்கத் தொடங்கியது. அப்போது நினைத்தேன்: இங்கே செத்தால் கால்சட்டையோடு அல்லவா எடுத்துக்கொண்டு போவார்கள்? அம்மை எப்படி வெளியே தலைகாட்டுவாள்?

அந்த வெட்கம்தான் என்னை மேலே தள்ளியது. இடது கையை எட்டி ஒரு வேரைப் பிடித்தேன். பிடித்த வேகத்தில் தோளிலிருந்த பை கழன்று போயிற்று. பாறையில் இரண்டு முறை குதித்து, வாய் திறந்து, என் பச்சைச் சேலை காற்றில் முழுநீளத்துக்கு விரிந்து, புல்லுக்குள் போய் விழுந்தது. இனி கீழே போனாலும் கால்சட்டைதான். சரி, மேலே போவோம்.

அதற்கு மேல் கடினமில்லை. உச்சிக்குக் கீழே ஒரு பாறைத் திட்டு. வெள்ளை அங்கேதான் இருந்தது.

கழுகின் எச்சம்.

திட்டின் மூலையில் சுள்ளிகளை அடுக்கின பெரிய கூடு. அதன் விளிம்பிலிருந்து நேர்கீழே ஒரு நீண்ட வெள்ளை வழிசல். திட்டின் குறுக்கே இன்னொன்று. தூரத்திலிருந்து பார்ப்பவர் சிலுவை என்று சொன்னால் குறை சொல்ல முடியாது. கிட்டத்தில் மூக்கைப் பொத்தவேண்டும். கூட்டிலிருந்த கழுகு என்னை மேலும் கீழும் பார்த்தது, அதுவும் கால்சட்டையைத்தான் பார்த்தது என்று நினைக்கிறேன்.

இதைப் பார்த்தா ரத்தினம் மாமி விடியற்காலையில் கைகூப்புகிறாள்? சிரிப்பு வந்தது. உட்கார்ந்து, வயிறு நோகச் சிரித்தேன். சிரிப்பு நின்றதும் கண்ணீர் வந்தது. அது வேறு கண்ணீர்.

உச்சியில் ஒருவரும் வந்த அடையாளம் இல்லை. தெற்கே அறுப்புக்கு நிற்கும் வயல்கள் மஞ்சள் மஞ்சளாக, நடுவே குளங்கள், எங்கள் கோயில் கோபுரம் ஒரு ஊசி, அதற்கப்பால் தென்னைகள் முடியும் இடத்தில் கடல். கடலுக்கும் வானத்துக்கும் நடுவில் கோடு தெரியவில்லை. வடக்கே திரும்பினேன். மலைகள். ஒன்றன்பின் ஒன்றாக, நீலமாக, இன்னும் நீலமாக, இத்தனை மலைகள் எங்கள் ஊருக்குப் பின்னால் நிற்பது தெரியாமலா நான் கூனிமொட்டைதான் கடைசி என்று இருந்தேன்?

எழுந்து நின்று, முழுத் தொண்டையும் திறந்து, "அட்டென்ஷன்" என்று கத்தினேன். போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. வெகு நேரம் கழித்து எங்கோ ஒரு மலை அதைத் திருப்பிச் சொன்னது. யாரும் காதைப் பொத்தவில்லை. என் சத்தத்துக்குப் போதுமான இடத்தை இன்றுதான் பார்த்தேன்.

சட்டைப்பையிலிருந்த மரச்சீனிக்கிழங்கும் காந்தாரி மிளகாயும் தின்றேன். நெல்லிக்காய் கடித்து, பாறைக் குழியில் நின்ற மழைத்தண்ணீர் குடித்தேன். நாளைக்குச் சபையில் எழுந்து "தடை உண்டு" என்று சொல்வதாக முடிவெடுத்தேன். அழுகையெல்லாம் போய்விட்டது.

இறங்கும்போது வெடிப்புக்குச் சற்று மேலே நின்று வழி பார்த்தேன். கீழிருந்து ஒரு குரல்.

"ஆண்டவரே, டீச்சருக்க ஆத்துமாவ ஏத்துக்கிடும். எனக்க பொய்ய மன்னியும். இந்த மரத்த மட்டும் கொஞ்சம் கெட்டியா பிடிச்சிக்கிடும்..."

பாறை விளிம்பில் ஒரே ஒரு குட்டை மரம். அதைக் கைகாலால் கட்டிக்கொண்டு ஒரு உருவம். முகம் பாதி வெள்ளை, சட்டை முழுக்க வெள்ளை, கழுத்தில் என் பச்சைச் சேலை. உயிர் போய் வந்தது எனக்கு.

"கம்பவுண்டரா அது?" என்றேன். என் குரலில் மெதுவாக என்பது ஏது?

அவர் கண்ணைத் திறக்காமலே, "வந்துட்டேளா தாயே" என்றார். என்னை ஆவி என்று நினைத்துவிட்டார்.

"நான் சாவல்ல. நீங்க இங்க என்ன செய்யுறீங்க?"

ஒரு கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். கால்சட்டையைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"உங்களத் தேடி வந்தேன், டீச்சர்."

"சுண்ணாம்பு எனக்குப் பூசவா?"

 மரத்திடம் சொல்வது போல எல்லாம் சொன்னார். அன்று மேடையில் தாவீது தீர்ந்துபோனதும் ஜன்னலில் மலை தெரிந்ததாம், வாய் தானாகச் சொல்லிவிட்டதாம். மறுநாளே போதகரிடம் சொல்லிவிடலாம் என்று கிளம்பினாராம், அதற்குள் நான் சம்மதித்த செய்தி வந்துவிட்டது. அதன்பிறகு சொல்ல வாய் வரவில்லை. ஓலை வாசிக்குமுன் உண்மையாகவே ஒரு சிலுவை வரைந்துவிடலாம் என்று கலயத்தில் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"ஸ்டூல்ல ஏறினாலே எனக்குத் தலை சுத்தும், டீச்சர். மேல் தட்டு மருந்த நான் எடுக்கியதே இல்ல. புல்லு வரைக்கும் வந்தேன். பாறையப் பாத்தேன். சுண்ணாம்பும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், திரும்பிப் போயிருவோம்னு திரும்பினேன்."

"பின்ன ஏன் போகல்ல?"

"சேல விழுந்துது."

வைகுண்டராஜன் அவரிடம், சத்தம் கூடுதலான ஒரு பெண் தனியாக மேலே போயிருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டுக்கொண்டு வந்தவர் தலைக்கு மேலே என் சேலை பறந்து வந்திருக்கிறது. நான்தான் விழுந்தேன், உடம்பு பாறையில் எங்கோ சிக்கியிருக்கிறது என்று நினைத்து ஏறியிருக்கிறார். கலயம் பாதியில் உடைந்திருக்கிறது. உச்சியில் நான் கத்தினது கேட்டதும், என் ஆவிதான் கத்துகிறது என்று மரத்தை இன்னும் இறுக்கிக்கொண்டாராம். நான் உச்சியில் நெல்லிக்காய் தின்றுகொண்டிருந்த நேரமெல்லாம் இந்த மனிதர் இந்த மரத்தில் இருந்திருக்கிறார்.

கோபப்படத்தான் நினைத்தேன். வரவில்லை. மரத்துக்கு இறங்கிவந்து, சேலையின் ஒரு முனையை அவர் இடுப்பில் கட்டி, மறு முனையை மரத்தில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். பிறகு எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் காட்டினேன்.

"கண்ணைத் திறக்காண்டாம். நான் சொல்லியத மட்டும் செய்யணும். லெப்ட் — கீழே! அழுத்து! ரைட் — கீழே! நில்லு!"

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூட இவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை. ஒரு தடவை "லெப்ட்" என்றதற்கு வலது காலை வைத்துவிட்டு, "மன்னிக்கணும்" என்று பாறையிடம் சொன்னார். புல்லுக்கு வந்ததும் உட்கார்ந்து, இரண்டு கையாலும் மண்ணைப் பிடித்துக்கொண்டார். ஓடையில் அவர் கன்னத்தைக் கழுவச் சொன்னேன். சுண்ணாம்பு பட்ட இடம் சிவந்திருந்தது. கழுவும்போதே, அந்த வெள்ளை கழுகின் எச்சம் என்று சொன்னேன்.

சேலையைக் கால்சட்டைக்கு மேல் சுற்றிக்கொண்டேன். அது கிழிந்து வெள்ளையாகி, கட்டியும் கட்டாததுபோலத்தான் இருந்தது. வைகுண்டராஜன் எங்கள் இருவரையும் உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். இரண்டு டீ போட்டு வைத்தார்.

"மேல ஒண்ணும் இல்லன்னுல்லா சொன்னேன்" என்றார்.

பஸ்ஸில் அவர் முன்னால், நான் பின்னால். இறங்கும்போது, "நாளைக்கு ஓலை வாசிப்பாங்க" என்றேன். "தெரியும், டீச்சர்" என்றார். அவ்வளவுதான்.

நாளைக்கு நான் எழுந்திருப்பேனா? உச்சியில் எழுந்திருப்பேன் என்றுதான் இருந்தேன். இப்போது கால் வலிக்கிறது, கால் மட்டுமா என்று தெரியவில்லை.

1955 பிப்ரவரி 13, ஞாயிறு

போதகர் ஓலை வாசித்தார். "இவ்விருவருக்கும் விவாகம் நடப்பதற்கு யாதொரு தடை..." என்றதும் என் முட்டி தானாக அசைந்தது. அதற்குள் ஆண்கள் பக்கத்தில் ஒருவர் எழுந்துவிட்டார்.

மாப்பிள்ளையே எழுந்துவிட்டார்.

"எனக்கு ஒரு காரியம் சொல்லணும்" என்றார்.  "நான் கூனிமொட்டையில ஏறினதில்ல. அது சிலுவை இல்ல. கழுகு எச்சம். ஏறினது லீலாபாய் டீச்சர். நேற்று. தனியா. என்னப் பாதியில இருந்து இறக்கிக்கொண்டு வந்ததும் அவங்கதான்."

 முதலில் ரத்தினம் மாமி எழுந்தாள்.

"அப்பம் எனக்க முட்டுவலி எப்பிடிப் போச்சு?"

"நான் தந்த தைலத்துல, மாமி. தினமும் தேச்சீங்கல்லா."

"எச்சத்தையாடா என்ன கும்பிட வச்ச?" என்று அவள் ஜெபப்புத்தகத்தை ஓங்கினாள். பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அது வரிசை வரிசையாக முன்னால் வந்தது. போதகர் அடக்கப் பார்த்தார். அவர் தோளும் குலுங்கிற்று. பெரிய வெள்ளிப் பவனிக்கு ஆள் சேர்த்தவர் அவர்தானே. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாப்பிள்ளை சொன்னது தடையா இல்லையா என்று கமிட்டி கூடித் தீர்மானிக்கும் என்று சொல்லி ஆசீர்வாதம் கூறினார்.

அம்மை என் பக்கம் திரும்பவேயில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் கேள்வி:

"எதை உடுத்திக்கொண்டு ஏறின?"

1955 பிப்ரவரி 15, செவ்வாய்

கமிட்டி கூடிற்று. தடை என்றார்கள் பாதிப் பேர், இல்லை என்றார்கள் பாதிப் பேர். ஈஸ்டர் கழிந்து பார்க்கலாமாம்.

தலைமையாசிரியை கூப்பிட்டு, பள்ளிக்கூடத்தின் மரியாதை பற்றிப் பேசினார். நான் கிளம்பும்போது, கால்சட்டை சௌகரியமாக இருந்ததா என்று மெதுவாகக் கேட்டார். ரொம்ப, என்றேன்.

எல்லோரும் கேட்கிறார்கள். யாரிடம் கேட்டுப் போனாய்? யார் பார்த்தார்கள்? அவனை எப்படித் தொட்டுத் தூக்கினாய்? யானை வந்திருந்தால்? மேலே என்ன பார்த்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு ஆள்கூட இல்லை.

1955 மார்ச் 5, சனி

அம்மை வேறு இடம் பார்க்கிறாள். "நாலு பேரு முன்னால நான் பொய்யன்னு தானே சொன்னவனுக்கா பெண்ணக் குடுக்கியது?"

அப்பா பேப்பரிலிருந்து தலையெடுக்காமல், "சொல்லாத்தவனுக்குக் குடுக்கலாமாக்கும்" என்றார். அம்மை இன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

1955 மார்ச் 20, ஞாயிறு

ஆராதனை முடிந்து எல்லோரும் போனபின் கோயில் வாசல் வேப்பமரத்தடியில் கம்பவுண்டர் நின்றார். கன்னத்தில் புண் ஆறிவிட்டது.

"மன்னிப்பு கேக்க வரல்ல, டீச்சர். அது கேட்டாச்சு. கல்யாணமும் கேக்கல்ல. ஒண்ணு மட்டும் கேக்கணும்."

"கேளுங்க."

"மேல என்ன இருந்துது?"

பேச்சு வரவில்லை எனக்கு. எனக்கு!

"நான் கண்ண மூடிக்கொண்டுல்லா இருந்தேன்" என்றார். "இனி மேல ஏறி வரியதுக்கும் வழியில்ல. நெசமாத்தான் கேக்குகேன்."

சொன்னேன். புல்லின் வாசம், வெடிப்பு, தையல் மிஷின் தொடை, கழுகு பார்த்த பார்வை. வயல்கள், கோடில்லாத கடல். வடக்கே திரும்பினபோது நின்ற மலைகள். அவர் இடையிடையே கேட்டார்: "எத்தன நீலம்?" "காத்து எந்தப் பக்கத்துல இருந்து?" "திரும்பி வந்த சத்தம் உங்க சத்தம் மாதிரியே இருந்துதா?" குரல் ஏறிப்போனது எனக்கே தெரிந்தது. மணியடிக்கும் கோயில்பிள்ளை மணிக்கூண்டிலிருந்து எட்டிப் பார்த்தார். கம்பவுண்டர் ஒரு எட்டும் பின்னால் வைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மையிடம் சொல்லிவிட்டேன்: வேறு இடம் பார்க்கவேண்டாம்.

1955 மே 12, வியாழன்

கல்யாணம். ஈஸ்டர் கழிந்து கமிட்டி தடையில்லை என்றுவிட்டது. ரத்தினம் மாமி முன்வரிசையில் முட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மழை.

1956 பிப்ரவரி 18, சனி

இன்று கூனிமொட்டைக்குப் பின்னாலுள்ள மலைகளில் முதலாவதில் ஏறினேன். பெயர் தெரியாது, அடிவாரத்தில் கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். உச்சிக்கு முன்னால் ஈச்சம்புதர், முள்ளெல்லாம் கையில். மூடுபனி வந்து வெகு நேரம் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். விலகினபோது கீழே ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் பூத்திருந்தது, என்ன மரம் என்று தெரியவில்லை.

தனியாகத்தான் போனேன். அவர் அடிவாரத்தில், டீக்கடை பெஞ்சில். நான் இறங்கி வரும்போது கடைக்காரர் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: "நீங்க ஏறல்லியா?"

"எனக்குப் பயம்" என்றார் அவர். "ஏறியது எனக்க வீட்டுக்காரியாக்கும்."

என்னைக் கண்டதும் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். என் கையை வாங்கி மடியில் வைத்து, ஊசியால் முள்ளை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினார்.

"சொல்லு" என்றார்.